தொண்ணூறு அடிக் கூழாங்கல்

கல்லைப் பற்றிப் பாண்டியனிடம் யாரும் வாய் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் போச்சு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்தானானால் டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் கல்தான். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் எதைப் போட்டால் சுவரில் சேறு தெறிக்காது, கார் ஏறி இறங்குகிற இடத்துக்கு எது தாங்கும், செடி வைத்த பாத்தியில் எதைப் பரப்பினால் களை வராது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வைத்திருந்தான். பன்னிரண்டு வருஷம் கல்லுடைக்கிற கிரஷரில் மாரடித்தவன். அவனுடைய அக்காள் எல்லம்மாளுக்கு நெஞ்சில் கல்தூசி அடைத்துக்கொண்டு இருமல் வந்ததைப் பார்த்துப் பயந்துபோய் அந்த வேலையை உதறிவிட்டு, வீடுகளைச் சுற்றிக் கல் பரப்புகிற வேலைக்கு வந்தான். ஏனாத்தூர் பக்கம் நாலு வீடு, ஓரிக்கையில் இரண்டு வீடு அவன் கை பட்டவை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் காட்டுவான்.

அந்தப் பெருமையடித்த வாய்தான் கடைசியில் அவனைக் கவிழ்த்தது.

புருஷோத்தமன் ஊருக்குள் இருக்கிற பெரிய குடும்பம். ஏரிக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக நஞ்சை வைத்திருப்பவர்கள். சென்னையில் வியாபாரம் பண்ணிவிட்டு ஐம்பது வயதில் ஊருக்குத் திரும்பி, ஏரிக் கால்வாயை ஒட்டியிருந்த சொந்த நிலத்தில் மாடி வீடு கட்டினார். பூச்சு வேலை முடிந்ததும் காலனிக்கு ஆள் அனுப்பிப் பாண்டியனைக் கூப்பிட்டார். கார் நிறுத்துகிற இடத்துக்கு இருபது எம்.எம். ஜல்லி என்றான் பாண்டியன். சுவரோரம் கறுப்புச் சில்லு. தோட்டத்தில் கால் வைத்து நடக்கக் கடப்பாக் கல், நடுநடுவே பேபி ஜல்லி. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வந்து நின்றார். சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அகலம் பன்னிரண்டு அடி, நீளம் தொண்ணூறு அடி.

"பாண்டியா, இந்த எடம்தான் பெரிய பேஜாரா கீது. மாடு வந்து நிக்குது, மய பேஞ்சா கரை அரிக்குது. இங்க வண்டி வரக் கூடாது, மாடு வரக் கூடாது, ஆளுங்களும் பொழங்கக் கூடாது. சுவரு எழுப்ப மாட்டேன், கம்பி கட்ட மாட்டேன். பாக்க அழகா இருக்கணும். அதுக்கு எந்தக் கல்லு?"

கேட்டாரே ஒரு கேள்வி! பாண்டியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை.

"கூயாங்கல்லு சார்," என்றான். "ஜல்லிக்கு மூலை கீது. ஒன்னோட மூலை ஒன்னுல மாட்டிக்கினு கெட்டியா நிக்கும், லாரிகூட ஏத்தலாம். கூயாங்கல்லு உருண்டை. ஒன்ன ஒன்னு புடிக்காது. கையில அடங்கற சைஸா பாத்து முக்கா அடி கனத்துக்குக் கொட்டிட்டோம்னா, கால வெச்சா உள்ள போவும், எட்த்தா உருளும். மாடு ஒரு தபா வெச்சுப் பாத்துட்டு அப்பால இந்தப் பக்கமே வராது."

"மனுசன்?"

"வெறுங்கைய வீசிக்கினு வர்றவன் தட்டுத் தடுமாறிப் பூடுவான் சார். செமை தூக்கினு வந்தான்னா கணுக்கால் பெசகிடும்."

புருஷோத்தமன் சிரித்தார். "அதப் போடு," என்றார்.

அது என்ன இடம் என்று பாண்டியனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி அது. வேறு வழி கிடையாது. கோடையில் கால்வாய் காய்ந்து கிடக்கும்போது அதில் இறங்கிப் போகலாம்; மழைக்காலத்தில் அதில் ஆள் மூழ்குகிற தண்ணீர் ஓடும். ஆனால் பிணம் விழுந்தால்தானே அந்தப் பக்கம் யாரும் போவார்கள்? கடைசியாகப் போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. மண்டிக் கிடந்த முள்ளை ஜே.சி.பி. வைத்து வழித்து, ஓரமாக நின்ற பனையையும் சாய்த்துவிட்டதில் அந்த இடம் வேறு எங்கோ இருக்கிற இடம் மாதிரி மாறிப்போயிருந்தது. இருந்தாலும் கேட்கத்தான் கேட்டான்.

"சார், எங்காளுங்க பொணம் எட்த்துக்கினு போற வயியாச்சே இது?"

"போங்களேன்டா. யாரு வேணான்றது? சுவரா கட்டப்போறேன்? வெறும் கல்லுதான? கல்லு மேல நடந்து போங்க."

அந்தப் பதிலில் பாண்டியன் அடங்கிவிட்டான். சுமை தூக்கி வருகிறவனுக்குக் கணுக்கால் பிசகும் என்று சொன்னதும் அவன் வாய்தான். அந்தச் சொல் வாயை விட்டுப் போய் முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேச்சையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பாவிக்குத் தோன்றவில்லை. பெரிய வேலை கிடைத்த சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது.

புரட்டாசி மாசம், எட்டு நாள் வேலை. ஆந்திராவிலிருந்து லாரி லாரியாகக் கூழாங்கல் வந்து இறங்கியது. பாண்டியன் முதலில் மண்ணைச் சமன்படுத்தித் தண்ணீர் விட்டு இடித்தான். அதன்மேல் புல் முளைக்காமலிருக்கக் கறுப்புப் பாய் விரித்தான். பிறகு கல்லைக் கொட்டி வாரியால் இழுத்து நிரவினான். வெள்ளையும் சாம்பலும் காவியுமாகக் கற்கள் பளபளவென்று கிடந்தன. மழை ஒரு தூறல் போட்டதும் இன்னும் நிறம் கூடியது. புருஷோத்தமன் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஏ ஒன்னுடா பாண்டியா," என்றார். அவர் வீட்டுக் காவல்காரர் தமிழ்வாணனுக்கு வாரி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, கல் எங்காவது கலைந்தால் எப்படி இழுத்து மட்டம் பண்ணுவது என்று காட்டி, ஒரு வாரியையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தான் பாண்டியன்.

அன்று சாயங்காலம் நேரே அக்காள் வீட்டுக்குத்தான் போனான். எல்லம்மாள் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் பச்சமுத்து. இரண்டு பேரும் ஒரே கிரஷரில் முப்பது வருஷம் கிடந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே இருமல். ஒருவர் இருமி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பிறகு பேசுவார்கள்.

"இன்னாண்ணே, நேத்து உன் இருமல் சத்தமே காணோம்? பூட்டியோன்னு நெனச்சேன்," என்று எல்லம்மாள் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ மொதல்ல போ தாயீ. உன் சாவு மோளத்துக்கு ஒரு ஆட்டம் போட்டுட்டு நான் மெதுவா வரேன்," என்றார் பச்சமுத்து.

பாண்டியன் செல்போனை அக்காளின் கையில் கொடுத்தான். அவள் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பனை எங்கடா?"

"இன்னா பனை?"

"இது நம்ப சுடுகாட்டு வயிதான? ஓரத்துல பனை ஒன்னு நிக்குமே. உங்க மாமன எட்த்துக்கினு போறப்ப அதும் பக்கத்துலதான பொரி எறைச்சானுங்க?"

பாண்டியன் செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மாதிரிக்கென்று சட்டைப் பையில் போட்டு வைத்திருந்த கல்லை எடுத்துக் காட்டினான். எல்லம்மாள் அதை வாங்கிக் கீழே போட்டு, வெறுங்காலை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் உருட்டினாள்.

"நானும் கல்லோட பொழங்கனவதான்டா பாண்டி. இதும் மேல நாலு பேரு என்னத் தூக்கினு எப்டிடா நடப்பானுங்க?"

"மெதுவா போலாம்க்கா. அவரு ஒன்னும் வயிய மூடலயே."

"காலுல செருப்பு இல்லாம, தோளு மேல பொணத்த வெச்சிக்கினு, மெதுவா?" என்றாள் எல்லம்மாள். அப்போதுதான் பாண்டியனுக்குத் தான் சொன்ன கணுக்கால் பேச்சு ஞாபகம் வந்தது. அந்த மனிதர் கரை அரிக்கிறதற்காகக் கேட்கவில்லை. மாட்டுக்காகவும் கேட்கவில்லை. காலனிப் பிணம் தன் வீட்டு ஓரமாகப் போகக் கூடாது என்று, அதை நிறுத்த எந்தக் கல் வேண்டும் என்று, பாண்டியனிடமே கேட்டிருக்கிறார். அவனும் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

"சரி பண்ணிடலாம்க்கா," என்றான். "ஓரமா நாலு அடி அகலத்துக்கு இந்தக் கல்ல வாரிட்டு, ஜல்லி போட்டு, மேல கிரஷர் பவுடர, அந்தக் கல்லுத்தூசியத் தூவி, தண்ணி வுட்டு இடிச்சா ரோடு மாதிரி நிக்கும்."

"பவுடருக்கு ஏன்டா அலையற? என் நெஞ்சுல கீறத எட்த்துக் கொட்டு, போதும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், பச்சமுத்து எழுந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடி நீதான் போடணும். நமக்கு வேற யாரு கீறா?"

கல்யாணமாகிப் போன பெண் செத்தால், கடைசியாக அவள் உடம்பில் ஏறுகிற புதுப்புடவை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அம்மா அப்பா இல்லாத எல்லம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் பாண்டியன்தான்.

"எனக்குப் பொடவ வேணாம்டா பாண்டி. அந்த வயிய எட்த்துக் குடு. அதான் நீ எனக்குப் போடற கோடி."

செய்கிறேன் என்று அவள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினான். பண்ணியவன் உடனே செய்தானா? அதுதான் இல்லை.

மறுநாள் புருஷோத்தமனிடம் போய் நின்றான். அவர் கோபிக்கவே இல்லை. "இன்னாடா அவசரம்? யாரு இப்ப செத்துட்டாங்க? கிரகப்பிரவேசம் வருது, சொந்தக்காரங்க வருவாங்க, பொங்கல் கழியட்டும், பாத்துக்கலாம்," என்றார். அதே மூச்சில், "ஓரிக்கையில என் மச்சான் வூடு கட்றான். கல்லு வேலைக்கு உன்னத்தான் சொல்லி வெச்சிகீறேன்," என்றார். பாண்டியன் சரி சார் என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

எல்லம்மாளின் மகன் வினோத்குமார் கல்குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன். முப்பது வயது, முன்கோபி. அவன் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டான். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். வழி அடைக்கப்படவில்லை, கல் மட்டும் பரப்பப்பட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு, புருஷோத்தமன் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வினோத்குமார் நேராகப் பாண்டியனிடம் வந்தான்.

"மாமா, நீ ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே ஒரு லோடு பவுடரும் ஒரு லோடு ஜல்லியும் நான் கொண்டாந்து கொட்டறேன். நீ கூட நின்னு எப்டிப் போடணும்னு சொல்லு, போதும்."

"அவரக் கேக்காம எப்டிடா செய்யறது? பொங்கல் கழிஞ்சு பாக்கலாம்னு சொல்லிகீறாரு."

"எங்கம்மா பொங்கல் வரைக்கும் தாங்குமா மாமா?"

பாண்டியனின் மனைவி பரிமளா அடுப்பங்கரையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வினோத்குமார் போனதும், "அந்த ஓரிக்கை வூட்டுக்காவத்தான வாய மூடிக்கினு கீற?" என்று கேட்டாள். பாண்டியன் அவளிடம் கத்தினான். உண்மையைச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும். ஐப்பசி பூராவும் ஓரிக்கையில் வேலை நடந்தது. அங்கே வாசலுக்கு ஜல்லி போட்டான், சுவரோரம் சில்லு போட்டான். கூழாங்கல் கேட்டார்கள். கையிருப்பு இல்லை என்று பொய் சொல்லிவிட்டான். பொய் சொன்னதோடு மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. அந்த மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார்த்திகை பிறந்து நாலு நாள் விடாத மழை. ஏரி நிரம்பிக் கால்வாயில் செம்மண் தண்ணீர் கரை தொட்டுப் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில், ஏழு மணி இருக்கும், எல்லம்மாள் டீ கேட்டாள். டம்ளரை மகன் கையிலிருந்து வாங்கினாள். குடிக்கவில்லை. அவ்வளவுதான்.

பாண்டியன் உத்திரமேரூருக்குப் போய்க் கோடிப் புடவை வாங்கினான். அரக்குச் சிவப்பு, சரிகைக்கரை. கடைக்காரர் எதற்கு என்று கேட்காமலே விலை சொன்னார். பஸ்ஸில் வரும்போது மடியில் அந்தக் கவரை வைத்துக்கொண்டு, எனக்குப் புடவை வேணாம்டா என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது ஞாபகம் வந்து, வாய்விட்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். அக்காளின் மேல் கோடியைப் போர்த்தும்போது பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வினோத்குமார் மட்டும் மாமனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பறை முழங்கப் பாடையைத் தூக்கினார்கள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க வேண்டிய வினோத்குமார் திரும்பி, "மாமா, முன்னால நீ தூக்கு," என்றான். "நீ போட்ட கல்லு. நீ நட." பாண்டியன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். பெண்கள் வழக்கம்போலத் தெருமுனையில் நின்றுவிட்டார்கள்.

கால்வாய்க் கரைக்கு வந்தபோது புருஷோத்தமன் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கூட தமிழ்வாணனும், போலீஸ்காரர் ஒருவரும். புருஷோத்தமன் பிணத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"யாரும் தடுக்கலப்பா. தாராளமா போங்க," என்றார்.

வலது பக்கம் அவருடைய சுவர். இடது பக்கம் சுழித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். நடுவில் தொண்ணூறு அடிக்கு, இரண்டு மாச மழையில் பாசி பிடித்து வழவழத்த கல். பாண்டியனுக்குக் கூழாங்கல்மேல் நடக்கத் தெரியும். பாதத்தை முழுசாக வைக்க வேண்டும், வைத்ததும் லேசாகத் திருகி உட்கார வைக்க வேண்டும், பிறகுதான் அடுத்த காலை எடுக்க வேண்டும். அதையெல்லாம் தோளில் எதுவும் இல்லாதபோது செய்யலாம். முதல் அடி உள்ளே போயிற்று. இரண்டாவது அடியில் ஒரு கல் உருண்டு இன்னொரு கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. பின்னால் தூக்கியிருந்தவன் "மெதுவா, மெதுவா" என்றான். நாலாவது அடியில் பாண்டியனின் வலது கணுக்கால் மடங்கியது. அவன் சொன்ன மாதிரியேதான் மடங்கியது.

முழங்காலில் விழுந்தான். மூங்கில் தோளிலிருந்து நழுவியது. பாடை ஒருபக்கமாகச் சாய்ந்து, கட்டு அவிழ்ந்து, எல்லம்மாள் சரிந்து கல்லின்மேல் விழுந்தாள். தலை கல்லில் பட்ட சத்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. பறை நின்றுவிட்டது. தாடையைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து வாய் திறந்துகொண்டது. புதுக்கோடி விலகிக் காய்ந்துபோன கால் தெரிந்தது. பாண்டியன் நகர்ந்துபோய் முதலில் புடவையை இழுத்து மூடினான். பிறகு அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குளிப்பாட்டும்போது பூசிய நெற்றி மஞ்சள் ஒரு வெள்ளைக் கல்லில் அப்படியே அப்பியிருந்தது.

"யக்கா," என்றான். "யக்கா, வுட்டுட்டேன்க்கா."

நாலைந்து பேர் சேர்ந்து அவளைத் தூக்கி மறுபடி பாடையில் கிடத்திக் கட்டினார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய பிணத்தைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. சுடுகாடு சேராமல் இன்னொரு தரம் கீழே வைக்கவும் கூடாது. பலகை போடலாமா என்றார் ஒருவர். கல்லின்மேல் பலகை போட்டால் பலகையோடு சேர்ந்து உருளும் என்று பாண்டியன் தலையை ஆட்டினான். பாண்டியனுக்குப் பதில் இன்னொருவர் தோள் கொடுக்க, பாடையோடு நாலு பேரும் கல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றார்கள். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

பறை திடீரென்று நின்றதைக் கேட்டுப் பெண்கள் தெருமுனையிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள். சுடுகாட்டு வழியில் அவர்கள் கால் வைத்ததே கிடையாது. பரிமளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷன் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாயா குந்திக்கினு அழுவற? போடத் தெரிஞ்சவனுக்கு எடுக்கத் தெரியாதா? எடு!"

அவளே குனிந்து இரண்டு கையாலும் கல்லை அள்ளி ஓரமாக எறிந்தாள். பாண்டியன் முழங்காலாலேயே நகர்ந்து அவள் பக்கத்தில் போய் அள்ள ஆரம்பித்தான்.

"டேய் பாண்டியா! கல்லு மேல கை வெக்காதடா! அது என் பொருளு!" என்று புருஷோத்தமன் கேட்டிலிருந்து கத்தினார்.

பாண்டியன் நிமிரவில்லை. "திருப்பி வெச்சிடறேன் சார்," என்றான்.

பழக்கத்தில் வந்துவிட்டது. அக்காள் பிணமாகக் காத்துக்கொண்டிருக்கிற நேரத்திலும் அவன் வாயில் வந்தது அந்தச் சார்தான். வினோத்குமார் கொள்ளிச்சட்டியோடு நின்றபடி மாமன்மேல் காறித் துப்பினான். பாண்டியன் அதையும் துடைத்துக்கொள்ளாமல் அள்ளிக்கொண்டே இருந்தான்.

நாற்பது பேர் இறங்கினார்கள். சிலர் கூடை கொண்டுவந்தார்கள், சிலர் வெறுங்கை. "எவ்ளோ அகலம்?" என்று யாரோ கேட்டதற்கு, "நாலு அடி. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல போற அளவு," என்றான் பாண்டியன். தூக்கியிருந்தவர்கள் கால் மணிக்கொரு தரம் தோள் மாற்றிக்கொண்டார்கள். பாடை மட்டும் தோளிலிருந்து இறங்கவில்லை. கல் அடுக்குக்குக் கீழே அவன் விரித்த கறுப்புப் பாய் வந்தது. பாய்க்குக் கீழே அவன் இடித்த மண் கெட்டியாக இருந்தது. நன்றாகத்தான் இடித்திருந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். புருஷோத்தமன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. பாண்டியனின் இரண்டு கையிலும் நகங்கள் பெயர்ந்துவிட்டன.

பொழுது சாய்கிற நேரத்தில் எல்லம்மாள் அந்த நாலடி வழியில் தம்பியின் தோளில் போனாள். புருஷனுக்குப் பக்கத்தில் தோண்டி வைத்த குழியில் அவளை இறக்கினார்கள். மண் தள்ளும்போது பாண்டியனின் கை பட்ட இடமெல்லாம் மண் சிவந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர்கள் யாரும் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தார்கள். அள்ளிப்போட்ட கல்லெல்லாம் பழையபடி வழியில் கிடந்தது. டிராக்டர் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளியிருந்தார்கள். ஓரங்களை மட்டும் தமிழ்வாணன் வாரியால் நிரவிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாண்டியன் விட்டுவிட்டு வந்த வாரி. அவன் கற்றுக்கொடுத்த மாதிரியே மேடு பள்ளம் இல்லாமல், முக்கால் அடி கனத்துக்கு, மட்டமாக நிரவியிருந்தார். மஞ்சள் அப்பிய கல் எதுவென்று தெரியவில்லை. புருஷோத்தமன் வீட்டில் விளக்கு போட்டிருந்தார்கள்.

வினோத்குமார் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்து ஓங்கினான். நாலு பேர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, விழுந்தும் எழுந்தும், அந்தத் தொண்ணூறு அடியைக் கடந்து வந்தார்கள். யாரும் பாண்டியனோடு பேசவில்லை. பரிமளா மட்டும் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லம்மாள் வீட்டு வாசலில் குடத்தில் தண்ணீர் வைத்திருந்தது. எல்லோரும் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். பாண்டியன் உள்ளே போகவில்லை. அக்காளின் கட்டில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் பச்சமுத்து உட்கார்ந்திருந்தார். நடக்க முடியாததால் அவர் கல் வரைக்கும் வரவில்லை. நடந்ததையெல்லாம் வந்தவர் போனவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"குந்துடா பாண்டி," என்றார்.

பாண்டியன் உட்கார்ந்தான். பச்சமுத்து அவன் கையை எடுத்து, பெயர்ந்துபோன நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ ஒன்னும் பயப்படாத. நான் மயக்காலத்துல சாவ மாட்டேன். சித்திரை வரைக்கும் எப்டியாச்சும் இழுத்துக்கினு இருந்துடறேன். அதுக்குள்ள கால்வா காஞ்சிடும். அதுல எறக்கி எட்த்துக்கினு பூடுங்க. உனுக்குக் கஷ்டமே இருக்காது."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வாயைத் துண்டால் பொத்தி, உள்ளேயே அமுக்கப் பார்த்தார். முடியவில்லை. பாண்டியன் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தான். அவர் சட்டையில் அவன் விரல் ரத்தம் கோடு கோடாக ஒட்டியது. இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

சித்திரைக்கு இன்னும் ஐந்து மாசம் இருந்தது.